ஓமெலாஸ் கதையை அலசுவது எப்படி: உத்தியில் தொடங்கிக் கருப்பொருளுக்குப் போக ஒரு வழிகாட்டி

இலட்சிய நகரம் ஒன்றைப் பற்றிய சிறுகதையைக் கொடுத்து, 'இதிலுள்ள உத்திகளையும் கருப்பொருளையும் விளக்குக' என்று கேட்டால் விடைகள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வரும். முதல் பாதியில் ஒரு பட்டியல்: படிமம் இருக்கிறது, முரண் இருக்கிறது, கேள்விகள் இருக்கின்றன. இரண்டாம் பாதியில் ஒரு கருத்து: சமூக அநீதி. இரண்டுக்கும் நடுவே ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. மதிப்பெண் கழிவது அங்கேதான். கதையின் ருசி போவதும் அங்கேதான்.

இந்தப் பழக்கத்தை உடைக்க, அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா கே. லெ குவின் எழுதிய 'ஓமெலாஸை விட்டு நடந்து போகிறவர்கள்' கதையைவிட நல்ல பயிற்சிக்களம் எனக்குத் தெரியாது. ராபர்ட் சில்வர்பெர்க் தொகுத்த 'நியூ டைமென்ஷன்ஸ் 3' நூலில் 1973-ல் வெளிவந்தது. அறிவியல் புனைவுகளுக்குத் தரப்படும் ஹியூகோ விருதை 1974-ல் சிறந்த சிறுகதைக்காகப் பெற்றது. 1975-ல் அவருடைய 'த விண்ட்ஸ் ட்வெல்வ் குவார்ட்டர்ஸ்' தொகுப்பில் சேர்ந்தது. சில பக்கங்களே உள்ள கதை. நாயகன் இல்லை, பெயருள்ள பாத்திரம் ஒன்றுகூட இல்லை, 'அப்புறம் என்ன நடந்தது' என்று கேட்கும்படியான சம்பவமும் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு குரல். அந்தக் குரல் நம்மிடம் பேசும் விதத்தில்தான் கதை முழுவதும் நடக்கிறது. அதனால் இங்கே உத்தியை விட்டுவிட்டுக் கருப்பொருளைத் தொட முடியாது.

கதையைப் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, முதலில் அதைப் படித்துவிட்டு வாருங்கள். பாதியில் ஒரு திருப்பம் இருக்கிறது. அதை வேறொருவர் வாயால் கேட்டால் பாதி போச்சு.

முதல் படி: கேள்விகள் வரும் இடத்தில் கோடு போடுங்கள்

ஒரு முறை நிறுத்தாமல் படியுங்கள். இரண்டாம் முறை பென்சிலோடு. அணி எது, படிமம் எது என்று தேட வேண்டாம். கதைசொல்லி நம் பக்கம் திரும்பிக் கேள்வி கேட்கும் இடங்களை மட்டும் குறியுங்கள். கதையின் எலும்புக்கூடு தானாகத் தெரியும்.

முதலில் கோடைத் திருவிழா. கடலோர நகரம், மணியோசை, தகைவிலான் குருவிகள், துறைமுகத்தில் கொடி கட்டிய படகுகள், தெருவெல்லாம் ஊர்வலம். உடனே ஒரு கேள்வி: மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது? ஓமெலாஸ் மக்களை எப்படி வருணிப்பது? அங்கிருந்து நீளமாக ஒரு பேச்சு. அந்த மக்கள் எளிய மனிதர்கள் அல்லர், ராஜா இல்லை, வாள் இல்லை, அடிமைகள் இல்லை, பங்குச்சந்தை இல்லை, ரகசியப் போலீஸ் இல்லை, வெடிகுண்டு இல்லை என்று போகிறது. திருவிழா தொடங்குகிறது. மறுபடியும் கேள்வி: நம்புகிறீர்களா? இந்த விழாவையும் நகரத்தையும் ஆனந்தத்தையும் ஏற்றுக்கொள்கிறீர்களா? இல்லையா? அப்படியானால் இன்னும் ஒன்றைச் சொல்கிறேன்.

அந்த 'இன்னும் ஒன்று'தான் நிலவறையில் அடைபட்ட குழந்தை. நகரத்தின் நலம் எல்லாம் அந்தக் குழந்தையின் துன்பத்தில்தான் நிற்கிறது. ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். அது முடிந்ததும் மூன்றாம் கேள்வி: இப்போது நம்புகிறீர்களா? இப்போது இவர்கள் நம்பத்தகுந்தவர்களாக இல்லையா? அதற்குப் பிறகு, நகரத்தை விட்டுத் தனித்தனியாக நடந்து போகிறவர்களைப் பற்றிச் சிறிதாக ஒரு பகுதி. அதோடு கதை முடிகிறது.

இந்த மூன்று கோடுகளும் உங்கள் கட்டுரைக்கு முதுகெலும்பு.

இரண்டாம் படி: பேசுவது யார், எதை நம்மிடம் விட்டுவிடுகிறார்?

கதைசொல்லி எல்லாம் தெரிந்தவர்போல் தொடங்குகிறார். சீக்கிரமே 'எனக்குத் தெரியாது', 'இருக்கலாம்', 'என்று நினைக்கிறேன்' என்று இறங்கி வருகிறார். அவர்களுடைய சட்டங்கள் என்னவென்று தெரியாது என்கிறார். நகரத்தை உங்கள் மனம்போல் கற்பனை செய்துகொள்ளுங்கள் என்கிறார். காரும் ஹெலிகாப்டரும் வேண்டாம். பாதாள ரயில், சலவை இயந்திரம், ஜலதோஷத்துக்கு மருந்து எல்லாம் இருக்கலாம். எதுவுமே இல்லாமலும் இருக்கலாம், பரவாயில்லை. நகரம் ரொம்பவும் 'நல்ல பிள்ளை'யாகத் தெரிந்தால் ஒரு களியாட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று குறும்பாகச் சொல்கிறார்.

வீடு காட்ட வரும் புரோக்கரின் பேச்சு இது. சுவருக்கு எந்த வண்ணம் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்கள், சமையலறையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பார். சொல்லச் சொல்ல நாமும் மனதுக்குள் குடியேறிவிடுவோம்.

இங்கே ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம், நம் விருப்பத்துக்கு விடப்பட்டவை: எந்திரங்கள், போதை, களியாட்டம். மறுபக்கம், கதைசொல்லி பிடிவாதமாகத் தானே முடிவு செய்தவை: மன்னன் இல்லை, பூசாரிக் கூட்டம் இல்லை, போர்வீரர் இல்லை. முக்கியமாக ஒன்று: ஓமெலாஸில் குற்றவுணர்வு கிடையாது என்பதை அவர் உறுதியாகச் சொல்கிறார். இவ்வளவு 'இருக்கலாம்'களுக்கு நடுவே இப்படி ஒரு 'கிடையாது' வந்தால் அங்கே நின்று பார்க்க வேண்டும். முதல் வாசிப்பில் அது ஒரு விடுதலையாகத் தோன்றும். நிலவறையைப் பார்த்த பிறகு திரும்பி வந்தால் அதே வாக்கியம் வயிற்றைக் கலக்கும். குற்றவுணர்வு இல்லாதது அவர்கள் தவறு செய்யாததால் அல்ல என்பது அப்போதுதான் உறைக்கும். முரண்நகைக்கு, அதாவது சொல்வது ஒன்றும் உண்மை வேறொன்றுமாக நிற்பதற்கு, இதைவிடச் சுத்தமான உதாரணம் கதையில் இல்லை.

இதே பகுதியில் இன்னொரு புகார் வருகிறது. மகிழ்ச்சி என்றால் மந்தமான விஷயம், வலிதான் அறிவார்ந்தது, தீமைதான் சுவாரசியமானது என்று நினைக்கும் கெட்ட பழக்கம் நமக்கு வந்துவிட்டது என்கிறார். போகிறபோக்கில் சொன்ன இலக்கிய விமர்சனம் போலத் தெரியும். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உண்மையில் பொறி இங்கேதான் வைக்கப்படுகிறது. சில பத்தி கழித்து 'நம்புகிறீர்களா? இல்லையா?' என்று கேட்கும்போது, அந்த 'இல்லை'யை நம் வாயில் அவரே போடுகிறார். தானே கேட்டுத் தானே விடை சொல்லும் பழைய மேடை உத்தி. அந்த 'இல்லை'க்குப் பதிலாகத்தான் குழந்தை வருகிறது. துன்பம் இல்லாத மகிழ்ச்சியை நாம் நம்ப மறுத்ததால் அந்தக் குழந்தை நிலவறைக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. நகரத்தைக் கட்டியதில் நமக்குப் பங்கு உண்டு என்றால் நிலவறையிலும் உண்டு.

என்னைக் கேட்டால், இந்தக் கதையைப் பற்றி ஒரே ஒரு பத்திதான் எழுத இடம் இருக்கிறது என்றால் இதைத்தான் எழுத வேண்டும்.

மூன்றாம் படி: மேலே எது மங்கல், கீழே எது துல்லியம்

மேலே நகரத்தில் எதற்கும் அளவு கிடையாது. கீழே அறைக்கு அளவு உண்டு: நடந்து அளந்தால் மூன்று எட்டு நீளம், இரண்டு எட்டு அகலம். பூட்டிய கதவு ஒன்று, ஜன்னல் இல்லை. மண் தரை, ஈரம். மூலையில் துருப்பிடித்த வாளி, பக்கத்தில் நாற்றமடிக்கும், விறைத்துப்போன தரை துடைக்கும் மாப்கள். குழந்தைக்கு அந்த மாப்களைக் கண்டால் பயம். ஒரு நாளைக்கு அரைக் கிண்ணம் சோளமாவும் கொழுப்பும். எந்தக் கட்டடத்தின் அடியில் என்பது மட்டும் தெரியாது. பொதுக் கட்டடமாக இருக்கலாம், யாருடைய வீடாகவும் இருக்கலாம். அந்த ஒரு 'இருக்கலாம்' சும்மா வரவில்லை. எந்த வீட்டின் அடியில் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றால் எந்த வீடும் தப்ப முடியாது.

'படிமங்கள் துயரத்தைக் காட்டுகின்றன' என்று எழுதினால் ஒன்றும் சொன்னதாகாது. இன்பம் மங்கலாகவும் துன்பம் துல்லியமாகவும் எழுதப்பட்டிருக்கிறது, அதனால் துன்பத்தை நாம் உடனே நம்புகிறோம், அதுதான் கதைசொல்லி நம்மேல் சுமத்திய குற்றச்சாட்டு என்று எழுதுங்கள். அப்போது உத்தி கருப்பொருளோடு சேர்ந்துவிடும்.

காலத்தையும் கவனியுங்கள். கதை இறந்தகாலத்தில், 'முன்னொரு காலத்தில்' என்ற தொனியில் தொடங்குகிறது. ஊர்வலங்கள் புல்வெளிக்கு வந்து சேரும் இடத்தில் நிகழ்காலத்துக்கு நழுவுகிறது. நிலவறை முழுவதும் நிகழ்காலம். அறை இருக்கிறது, குழந்தை உட்கார்ந்திருக்கிறது, இப்போது.

அடுத்து, ஜோடிகள். எதிரெதிர் வைப்பு என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், மேலே உள்ள ஒவ்வொன்றுக்கும் கீழே எது பதில் என்று தேடுங்கள். விழாக் கூட்டத்தின் ஓரத்தில் ஒன்பது பத்து வயதுக் குழந்தை ஒன்று புல்லாங்குழல் வாசிக்கிறது. ஜனங்கள் நின்று கேட்டுப் புன்னகைக்கிறார்கள், ஆனால் பேசுவதில்லை. வாசிப்பில் மூழ்கியிருக்கும் அது அவர்களைப் பார்ப்பதும் இல்லை. நிலவறைக் குழந்தை பார்க்க ஆறு வயது போல இருக்கிறது, உண்மையில் பத்தை நெருங்குகிறது. கிட்டத்தட்ட அதே வயது. அதோடும் யாரும் பேசுவதில்லை. மேலே பிள்ளைகள் வெற்றுடம்போடு குதிரைகளைப் பழக்குகிறார்கள். கீழே ஒரு பிள்ளை வெற்றுடம்பில் புண்களோடு தன் கழிவிலேயே உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி குதிரைகள். அவற்றுக்குக் கடிவாளமே இல்லை. பிடரியில் வெள்ளி, தங்கம், பச்சை நிற நாடாக்கள். பந்தயத்துக்கு முன் சவாரிக்காரப் பிள்ளைகள் அவற்றின் கழுத்தைத் தடவிக்கொடுத்து, 'சரி சரி, அமைதி, என் அழகே, என் நம்பிக்கையே' என்று காதோடு சொல்கிறார்கள். பக்கம் புரட்டினால் நிபந்தனை வருகிறது: அந்தக் குழந்தையிடம் ஓர் அன்பான வார்த்தைகூடப் பேசக் கூடாது. கதையில் மனிதர் வாய்திறந்து சொல்லும் வார்த்தைகள் இரண்டே இடத்தில்தான். ஒன்று குதிரைக்குச் சொல்லும் ஆறுதல். மற்றது அந்தக் குழந்தையின் கெஞ்சல்: 'நான் ஒழுங்கா இருக்கேன். தயவுசெஞ்சு வெளியே விடுங்க.' அதற்குப் பதில் கிடையாது. 'இங்கே முரண் பயன்படுத்தப்பட்டுள்ளது' என்ற வாக்கியத்துக்குப் பதில் இந்த இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும்.

நான்காம் படி: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது யார்?

இது சின்னப் படிதான், ஆனால் பலர் விட்டுவிடுகிறார்கள். குழந்தையை வெளியே கொண்டுவந்து குளிப்பாட்டிச் சோறு போட்டால் அந்த நாளிலேயே, அந்த மணியிலேயே ஓமெலாஸின் வளம் எல்லாம் வாடிவிடும். நிபந்தனை கறாரானது. சரி, யார் விதித்தார்கள்? யாரோடு? எப்போது? கதை சொல்வதே இல்லை. செய்தவர் இல்லாத வாக்கியங்களாக அடுக்கப்பட்டிருக்கும் பகுதி இது. 'விதி அப்படி' என்ற தொனி. அநீதி எப்போதும் இப்படித்தான் பேசும் என்று நீங்கள் எழுதலாம். மேற்கோளாக அந்த வாக்கியங்களின் இலக்கணத்தையே காட்டலாம்.

வாக்கிய நீளத்தையும் பாருங்கள். குழந்தையால் நகரத்துக்குக் கிடைப்பவை ஒரு நீண்ட அடுக்கு: மகிழ்ச்சி, நகரத்தின் அழகு, நட்பின் மென்மை, பிள்ளைகளின் ஆரோக்கியம், அறிஞர்களின் ஞானம், கைவினைஞரின் திறமை, விளைச்சல், நல்ல பருவநிலை வரை. எல்லாம் வந்து மோதும் இடம் கடைசியில்: ஒரு குழந்தையின் துயரம். தராசின் ஒரு தட்டில் அத்தனையும், மறு தட்டில் இது. அந்த வாக்கியத்தின் வடிவமே பேரத்தின் வடிவம்.

ஐந்தாம் படி: சமாதானம் சொல்லும் பத்தியை வரி வரியாகப் படியுங்கள்

கதையின் உச்சம் நிலவறை வருணனை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதற்கடுத்து வரும் பத்திதான் உச்சம். எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் ஓமெலாஸ் பிள்ளைகளுக்கு இந்த விஷயம் விளக்கப்படுகிறது. பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலும் இளையவர்கள். அழுகையோடு வீடு திரும்புகிறார்கள், அல்லது கண்ணீர்கூட வராத கோபத்தோடு. வாரக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில் அதையே நினைத்துக் குமைகிறார்கள். பிறகு மெல்ல மெல்ல ஒரு தர்க்கம் உருவாகிறது. வெளியே விட்டாலும் அதற்குப் பெரிதாக என்ன கிடைத்துவிடும்? அது ரொம்பவும் சீர்குலைந்துவிட்டது, உண்மையான ஆனந்தத்தை அறிய முடியாது. பயம் அதன் பழக்கமாகிவிட்டது. சொல்லப்போனால், இவ்வளவு காலம் கழித்து, காக்கச் சுவரும் கண்ணுக்கு இருட்டும் உட்காரத் தன் கழிவும் இல்லாவிட்டால் அது தவித்துப் போகும்.

அந்தப் படிக்கட்டில் எங்கே கால் வழுக்குகிறது என்று கண்டுபிடியுங்கள். முதல் வாக்கியம் நியாயமாகத்தான் ஒலிக்கிறது. கடைசி வாக்கியத்தில் கழிவு ஒரு வசதியாகிவிட்டது. நடுவே எந்த இடத்திலும் பெரிய தாவல் இல்லை. 'சொல்லப்போனால்', 'அநேகமாக' போன்ற சின்னச் சொற்கள்தான் ஏணிப்படி. இன்னொன்று: இதைச் சொல்வது கதைசொல்லியா, ஓமெலாஸ்வாசிகளா? மேற்கோள் குறி இல்லை. அவர்கள் மனதில் ஓடுவது கதைசொல்லியின் குரலிலேயே வருகிறது. அதனால் தலையாட்டிக்கொண்டே வந்து, நடுவழியில்தான் யாருடைய வாதத்துக்குத் தலையாட்டினோம் என்று விழித்துக்கொள்கிறோம்.

பத்தியின் முடிவு இன்னும் கூர்மை. அந்தக் குழந்தை இருப்பதால்தான் அவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் அவ்வளவு மென்மையாக இருக்கிறார்கள். அதனால்தான் அவர்களுடைய இசைக்கும் கட்டடக்கலைக்கும் ஆழம். கருணையே பேரத்தின் விளைச்சலாகிவிடுகிறது. இவர்களைக் கொடியவர்கள் என்று எழுதிவிட்டால் இந்த இடத்தை விளக்க முடியாமல் போகும். ஓமெலாஸ் மக்கள் நல்லவர்கள். அதுதான் சிக்கலே.

ஆறாம் படி: நடந்து போகிறவர்களை வீரர்களாக்க அவசரப்படாதீர்கள்

கடைசிப் பகுதியில் சில இளைஞர்கள் குழந்தையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவதே இல்லை. சில வேளை வயதில் மூத்தவர்களும் ஒன்றிரண்டு நாள் பேச்சற்று இருந்துவிட்டு வெளியேறுகிறார்கள். நகர வாசலைத் தாண்டி, வயல்களைத் தாண்டி, மேற்கே அல்லது வடக்கே, மலைகளை நோக்கி. தனியாக. இந்தத் 'தனியாக'வும் 'நடக்கிறார்கள்' என்பதும் திரும்பத் திரும்ப வருவதைக் குறியுங்கள். கதை தொடங்கியது ஊர்வலத்தில். முடிவது ஒற்றை ஆளின் நடையில். தலைப்புதான் கடைசிச் சொற்களாக வருகிறது.

அவர்கள் போகுமிடத்தைப் பற்றிக் கதைசொல்லி, என்னால் வருணிக்கவே முடியாது, அது இல்லாமலேகூட இருக்கலாம் என்கிறார். முன்பு 'உங்கள் மனம்போல் கற்பனை செய்யுங்கள்' என்று தாராளமாகத் திறந்துவிட்ட அதே குரல் இங்கே கதவைச் சாத்துகிறது. யாரும் பலியாகாத இன்பத்தை நம்மால் கற்பனைகூட செய்ய முடியவில்லை என்பதை வாதமாகச் சொல்லாமல், அந்த இடத்தைக் காலியாக விட்டே காட்டிவிடுகிறார்.

அதோடு, அவர்கள் போன பிறகும் குழந்தை அங்கேயேதான் இருக்கிறது. வெளியேறுவது ஒரு மறுப்பு, மீட்பு கிடையாது. மனசாட்சியைக் காப்பாற்றிக்கொண்டு போனார்கள் என்று சிலர் பாராட்டுகிறார்கள், கையைக் கழுவிவிட்டுப் போனார்கள் என்று சிலர் திட்டுகிறார்கள். கதை இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. உங்கள் கட்டுரை ஒரு பக்கம் சாயலாம், ஆனால் மறுபக்கம் இருப்பதைத் தெரிந்துகொண்டு சாய வேண்டும்.

ஏழாம் படி: பின்னணியை உப்பு மாதிரி அளவாக

கதையின் துணைத்தலைப்பு அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸின் பெயரைச் சொல்கிறது. 1891-ல் வந்த அவருடைய கட்டுரையில் ஒரு கற்பனைக் கேள்வி வருகிறது. ஃபூரியே, பெல்லமி, மாரிஸ் ஆகியோர் கனவு கண்ட இலட்சிய உலகங்களையெல்லாம் மிஞ்சும் ஓர் உலகம். கோடிக்கணக்கானோர் நிரந்தரமாக இன்புறலாம். ஒரே நிபந்தனை, எங்கோ ஓர் ஓரத்தில் ஓர் ஆன்மா தனிமையில் வதைபட வேண்டும். அந்த இன்பத்தைப் பற்றிக்கொள்ள மனம் தாவினாலும், அப்படிப்பட்ட பேரத்தின் பலனாக அதை அறிந்தே ஏற்பது எவ்வளவு அருவருப்பானது என்று உடனே உணர்வோம் என்பது ஜேம்ஸின் கணிப்பு. லெ குவின் அந்தக் கணிப்பைச் சோதனைக்கு வைக்கிறார். ஓமெலாஸ் இளைஞர்கள் அருவருப்பை உணரத்தான் செய்கிறார்கள். உணர்ந்த பிறகு பழகிக்கொள்கிறார்கள். பின்னணியை இப்படிப் பயன்படுத்தினால் அது கட்டுரைக்கு உழைக்கும். பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் சும்மா உட்கார்ந்திருக்கும்.

1880-ல் முடிந்த தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில் இவான் தன் தம்பி அல்யோஷாவிடம் கேட்பதும் இதே கேள்விதான்: ஒரு சின்னக் குழந்தையை வதைத்துத்தான் மனித குலத்தின் இன்ப மாளிகையைக் கட்ட வேண்டும் என்றால் கட்டுவாயா? அதைப் படித்திருந்தும் மறந்துவிட்டதாக லெ குவின் பின்னாளில் சிரித்துக்கொண்டே எழுதினார். ஓமெலாஸ் என்ற பெயர், ஓரிகன் மாநிலத்து சேலம் என்ற ஊரின் பலகையைப் பின்னாலிருந்து படித்ததில் கிடைத்ததாம். நம்மூர் சேலத்துக்காரர்கள் சந்தோஷப்படலாம், ஆனால் கட்டுரையில் இதற்கு இடமில்லை.

இலட்சிய நகரக் கதைகளின் வரிசையைத் தொட வேண்டுமென்றால் ஒரு விவரம் போதும். 1516-ல் தாமஸ் மோர் எழுதிய 'உட்டோபியா'வில் தங்கத்துக்கு மதிப்பே இல்லை. அதில் சிறுநீர்க் கலமும் அடிமைகளுக்கு விலங்கும் செய்கிறார்கள். ஆம், அந்த இலட்சியத் தீவில் அடிமைகள் உண்டு. ஓமெலாஸில் அடிமைகள் இல்லை என்று கதைசொல்லி முன்னாடியே அறிவித்துவிடுவதை இதோடு வைத்துப் பாருங்கள்.

எட்டாம் படி: கருப்பொருளை ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள்

'தியாகம்', 'அநீதி', 'சமூகம்' இவையெல்லாம் தலைப்புகள். கருப்பொருள் என்றால் அந்தத் தலைப்பைப் பற்றிக் கதை என்ன சொல்கிறது என்பது. வினைச்சொல் இல்லாமல் கருப்பொருள் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதைக்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி: 'பிறர் துன்பத்தில் நிற்கும் இன்பத்தை நல்ல மனிதர்களும் அறிந்தே ஏற்றுக்கொள்கிறார்கள், வேறுவிதமான இன்பத்தைக் கற்பனை செய்ய முடியாத வாசகரும் அந்த ஏற்பில் பங்காளி ஆகிறார்.' முதல் பாதி கதைக்குள் நடப்பது. இரண்டாம் பாதி நமக்கு நடப்பது. இரண்டாம் பாதியை விட்டுவிட்டால் உத்திகளைப் பற்றி எழுத ஒன்றும் மிஞ்சாது.

இது உருவகக் கதை என்று எழுதுவதில் ஒரு வழுக்கல் உண்டு. பள்ளியில் படித்த பிறிது மொழிதல் அணி நினைவிருக்கும்: மயிலிறகு ஏற்றிய வண்டியும் அச்சு முறியும் என்று வண்டியைப் பற்றி மட்டும் சொல்லி, சொல்ல வந்ததைச் சொல்லாமல் விடும் குறள். ஓமெலாஸும் அப்படித்தான் இயங்குகிறது. ஆனால் 'குழந்தை என்றால் குழந்தைத் தொழிலாளர், ஓமெலாஸ் என்றால் பணக்கார நாடு' என்று ஒன்றுக்கு ஒன்று கோடு போட்டுவிட்டால் கதை சுருங்கிவிடும். லெ குவின் இதன் மைய எண்ணம் பலிகடா என்றும், ஜேம்ஸின் கேள்வியில் அமெரிக்க மனசாட்சியின் இக்கட்டைக் கண்டதாகவும் எழுதியிருக்கிறார். மலிவான சட்டை, சாக்கடைக்குள் இறங்கும் மனிதர் என்று உங்களுக்குத் தோன்றும் பொருத்தங்களைச் சொல்லலாம். 'இப்படியும் வாசிக்க இடமிருக்கிறது' என்ற அளவில் நிறுத்துங்கள்.

பத்தி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

'திருவிழா வருணனை முடிந்ததும் கதைசொல்லி, நம்புகிறீர்களா என்று வாசகரைக் கேட்டு, இல்லை என்ற விடையையும் அவரே தருகிறார். அந்த மறுப்பைச் சரிக்கட்டவே நிலவறைக் குழந்தை அறிமுகமாகிறது. முன்னர், தீமையை மட்டுமே சுவாரசியமாகக் கருதும் பழக்கத்தை அவர் கண்டித்திருந்தார். இப்போது அந்தப் பழக்கம் கொண்ட வாசகருக்காகவே ஒரு தீமை கதைக்குள் கொண்டுவரப்படுகிறது. ஆகவே இப்போது நம்புகிறீர்களா என்ற மூன்றாம் கேள்விக்கு ஆம் என்று தலையசைக்கும் வாசகர், குழந்தையின் துன்பத்தை நகரத்தின் நிபந்தனையாக ஏற்ற ஓமெலாஸ்வாசியின் இடத்தில் நிற்கிறார்.'

இதில் உத்தியின் பெயர்கூட வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தேர்வில் பெயர் கேட்டால் சேர்த்துக்கொள்ளலாம். உத்தி என்ன செய்கிறது என்று எழுதியிருந்தால் பெயர் இல்லாமலும் வாசிப்பவருக்குப் புரியும். மறுதலையாகப் பெயர் மட்டும் எழுதினால் எந்தக் காலத்திலும் புரியாது.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு பத்தியிலும் ஓமெலாஸ் என்ற பெயரை எடுத்துவிட்டு வேறொரு கதையின் பெயரைப் போட்டுப் பாருங்கள். பத்தி அப்படியே பொருந்தினால் அது இந்தக் கதையைப் பற்றியதே இல்லை, அடித்துவிடலாம்.

ஒன்பதாம் படி: நேரம் இருந்தால், பதில் சொன்ன கதைகள்

என். கே. ஜெமிசின் 'தங்கிப் போராடுகிறவர்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு பதில் கதை எழுதினார். 2018-ல் வந்த அவருடைய தொகுப்பில் இருக்கிறது. நகரத்தின் பெயர் உம்-ஹெலாட். அங்கேயும் திருவிழா, அங்கேயும் நம்மைப் பார்த்துப் பேசும் குரல், ஆனால் இந்தக் குரல் நம்மோடு சண்டைக்கே நிற்கிறது: சமத்துவமான நகரம் என்றால் ஏன் இவ்வளவு கோபம் வருகிறது உனக்கு என்று கேட்கிறது. அந்த நகரமும் தன் நலத்தைக் காக்கக் கொலை செய்கிறது என்பது பிறகு தெரியவரும். இசபெல் ஜே. கிம் 2024 பிப்ரவரியில் 'கிளார்க்ஸ்வேர்ல்டு' இதழில் எழுதிய கதையோ நேராக நிலவறைக்குள் புகுந்து குழந்தையைக் கொல்வதில் தொடங்குகிறது. நகரத்தின் விளக்குகள் அணைகின்றன. அடுத்து இன்னொரு குழந்தையைத் தேட வேண்டியிருக்கிறது. தொனி செய்தித்தளங்களின் அசட்டையான பேச்சுத் தொனி.

மூன்றையும் ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் சம்பவங்களை ஒப்பிடுவதில் நேரம் கழிக்க வேண்டாம். மூன்று கதைசொல்லிகளும் வாசகரை எந்த இடத்தில் நிறுத்திப் பேசுகிறார்கள் என்பதை ஒப்பிடுங்கள். லெ குவின் நம்மைக் கூடவே கட்டச் சொல்கிறார், ஜெமிசின் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார், கிம் செய்தி படித்துவிட்டு அடுத்த செய்திக்கு விரலைத் தள்ளும் ஆளாக நம்மை வைக்கிறார். ஒப்பீட்டுக் கட்டுரைக்கு இந்த மூன்று நிலைகளே மூன்று பத்தி.